மழை வந்தால் எல்லாம் சரியாகுமா? திருமலையில் (திருகோணமலையில்) கோல்ஃப் புல் பராமரிப்பு

அலஸ்தோட்டம்77 – 12.08.2024

அண்ணைமாரே, நான் வேலை செய்யும் ஹோட்டலுக்குப் பின்னால் ஐந்து குழி கொண்ட சின்ன கோல்ஃப் தரை ஒன்று இருக்கிறது. கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) அடித்து எல்லாம் வைக்கோல் நிறம். நவம்பரில் ஆட்கள் வரமாட்டார்கள், அப்போது மூடிவிட்டு முழுக்கக் கிண்டிப் புதிதாகப் போடுவோம் என்கிறார் மனேஜர். என் கணக்கு வேறு. ஒன்றும் செய்யத் தேவையில்லை, மழை விழுந்தால் தானாகப் பச்சை பிடிக்கும், இடைவெளியில் கொஞ்சம் விதை தூவினால் போதும். யார் சொல்வது சரி?

புல்லுக்காரன் – 12.08.2024

இரண்டு பேர் சொல்வதும் இல்லை.

புல்லுக்காரன் – 13.08.2024

நேற்று பஸ்ஸில் இருந்து எழுதினேன், அதனால்தான் ஒரு வரி. இன்று விரிவாக.

முதலில் புல் செத்துவிட்டதா என்று பாருங்கள். கத்தியால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டித் தூக்குங்கள். மேலே வைக்கோலாக இருக்கும். மண்ணுக்குள் ஓடும் தண்டை நகத்தால் சீவினால் உள்ளே வெள்ளையாக, லேசான ஈரத்தோடு இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி நொறுங்கினால் அந்த இடம் போய்விட்டது. ஐந்து கிறீனிலும் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்), ஃபெயார்வேயில் (கிறீன் வரை போகும் நீளத் தரை) பல இடங்களிலும் இப்படிப் பார்த்துவிட்டு, செத்த இடங்களுக்கு மட்டும் ஒரு தாளில் படம் கீறி வையுங்கள். அந்தத் தாள் மாசியில் தேவைப்படும்.

விதை வேண்டாம். கோல்ஃபுக்கு இந்தப் பக்கத்து வெயிலில் போடுவது அறுகு இனம்தான், பிள்ளையாருக்கு வைக்கும் அதே அறுகு. டிஃப்வே, டிஃப்டுவார்ஃப் என்று விற்கிறார்களே, அவை அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் டிஃப்டன் என்ற ஊரில், அறுகையும் ஆபிரிக்க அறுகு ஒன்றையும் கலந்த வழியில் வந்தவை. முதலாவது 1960இல் வெளியானது, இரண்டாவது 1965இல். அந்தக் கலப்புக்கு முளைக்கும் விதை கிடையாது. தண்டைக் கிள்ளி நட்டுத்தான் பரப்ப வேண்டும். கடையில் நீங்கள் வாங்கும் விதை சாதாரண அறுகு. அதைத் தூவினால் கிறீனில் ஒரு திட்டு அகல இலை, ஒரு திட்டு மெல்லிய இலை என்று இரண்டு நிறம் காட்டும். பந்து ஒவ்வொரு திட்டிலும் ஒவ்வொரு விதமாக ஓடும்.

இப்போதைக்கு உரம் போடாதீர்கள். வெட்டும் உயரத்தை ஒரு படி ஏற்றுங்கள். கிண்டவே கிண்டாதீர்கள். மனேஜரின் நவம்பர் யோசனைக்குக் கோபம் ஆறியபிறகு பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கேட்பீர்கள். வளைகுடாவில் கோல்ஃப் மைதானம் ஒன்றில் கிறீன் பார்க்கும் கூட்டத்தில் பல வருடம் இருந்தவன். இப்போது நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் புற்றரைகள் பார்க்கிறேன். சீனன்குடாவில் விமானப்படையின் பெரிய மைதானம் இருக்கிறது, எனக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கே ஆளும் மெசினும் உண்டு. உங்களுக்கும் எனக்கும் இருப்பது ஒரு மண்வெட்டியும் மனேஜரும்.

புல்லுக்காரன் – 14.08.2024

தனிமடலில் வந்த படம் பார்த்தேன். ஓரத்தில் இருப்பது மலேசியன் புல். அகல இலை, மெதுவான வளர்த்தி, நிழலைத் தாங்கும். அதைக் கிறீனுக்குள் வரவிடாதீர்கள். நடுவில் இருப்பது அறுகுதான்.

புல்லுக்காரன் – 29.08.2024

தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்குத்தான் இத்தனை நாள் எடுத்தேன், ஏனென்றால் உங்கள் கிணறு கடலில் இருந்து எவ்வளவு தூரம் என்று தெரியாமல் சொல்ல முடியாது. 150 மீட்டர் என்கிறீர்கள். சரி.

கடற்கரையில் நன்னீர் என்பது உப்புநீருக்கு மேலே மிதக்கும் ஒரு படை. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். அதே கணக்குத்தான் மறுபக்கமும். பம்ப் போட்டு மேலே ஒரு அடி குறைத்தால், கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். ஹோட்டலில் ஆட்கள் நிறைந்திருக்கும் மே முதல் செப்டெம்பர் வரைதான் குளியலறை, நீச்சல் தடாகம், புல் எல்லாம் ஒரே கிணற்றில் இழுக்கின்றன. மழையும் குறைவு. அதனால் ஓகஸ்ட் கடைசியில் புல்லின் இலைநுனி கருகுவதைப் பார்த்து 'தண்ணீர் போதவில்லை' என்று இன்னும் அதிகமாக விடுகிறார்கள். விடுவது உப்பு.

சின்ன உப்புமானி ஒன்று வாங்குங்கள், பேனா அளவுதான் இருக்கும். காலையில் பம்ப் போட்டவுடன் ஒரு அளவு, இரண்டு மணி நேரம் ஓடியபின் ஒரு அளவு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் கிணறு 'போதும்' என்கிறது. நிறுத்தி நிறுத்தி இறையுங்கள், இரவு இடைவெளி விட்டு.

புல்லுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, கிடைக்கும் தண்ணீரை வாரத்தில் இரண்டு மூன்று தடவையாகச் சேர்த்து விடுங்கள், வேர் கீழே இறங்கும். தினமும் நனைத்தால் வேர் மேலேயே சோம்பிக் கிடக்கும், உப்பும் மேலேயே தங்கும். கிறீனுக்கு மட்டும் கச்சான் உச்சத்தில் மத்தியானம் ஹோஸ் பிடித்து இலை நனைகிற அளவுக்கு ஒரு வீச்சு. அது தாகத்துக்கு இல்லை, சூட்டுக்கு.

ஃபெயார்வே பழுப்பாகவே இருக்கட்டும். ஓரத்தில் நீளமாக விட்ட புல், அந்த ரஃப் பக்கம் ஒரு சொட்டும் வேண்டாம்.

மூதூரான் – 30.08.2024

கந்தளாய்க் குளத்தில் தண்ணீர் திறப்பதற்கு விவசாயிகள் கூட்டம் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். நீங்கள் வெள்ளைக்காரன் பந்து உருட்டத் தண்ணீர் விடுவது பற்றி வகுப்பு எடுக்கிறீர்கள். நல்லது.

புல்லுக்காரன் – 30.08.2024

நியாயமான பேச்சு. அதனால்தான் பழுப்பாக விடச் சொல்கிறேன். மழை குறைந்த நாடுகளில் கிறீனில்கூடப் புல் போடாமல், மணலில் எண்ணெய் கலந்து இழுத்துச் சமப்படுத்தி 'பிரவுன்' என்று விளையாடினார்கள். மோசமான விளையாட்டு இல்லை. ஐந்து குழியின் ஐந்து கிறீனையும் சேர்த்தால் ஒரு கால் ஏக்கர் வராது. அதை மட்டும் காப்பாற்றினால் போதும். மிச்சம் வயலுக்கே போகட்டும்.

புல்லுக்காரன் – 18.09.2024

இந்த வருடத்தில் நீங்கள் செய்யப்போகும் ஒரே பெரிய வேலை இதுதான், கவனமாகப் படியுங்கள். புல்லை மறந்துவிட்டுக் கானை, அதாவது வடிகாலைப் பாருங்கள்.

திருமலைக்கு வருடத்தில் ஏறக்குறைய 1,600 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர் தொடங்கி டிசம்பருக்குள் விழுந்துவிடும். ஒரு தாழமுக்கம் வந்து நின்றால் ஒரே நாளில் 100, 150 கொட்டும். வளைகுடாவில் நாங்கள் வடிகாலைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை, கீழே பாலைவன மணல். அங்கே ஒக்டோபரில் குளிருக்குப் பச்சை காட்டுவதற்காக அறுகுக்கு மேலே ரை புல் விதை தூவுவோம். அந்த மாதத்தில் இங்கே தூவினால் விதை கடலுக்குத்தான் போகும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அமெரிக்காவின் பனிக்காலம், வெயில்காலம் என்றே எழுதியிருக்கும். நமக்கு அந்த இரண்டும் இல்லை. தண்ணீர் உள்ள காலம், தண்ணீர் இல்லாத காலம், அவ்வளவுதான். நுவரெலியாவில் வேலை செய்த ஒருவரிடம் யோசனை கேட்டேன் என்கிறீர்கள். அங்கே இருப்பது 1889இல் தொடங்கிய கோல்ஃப் கழகம், அருமையான இடம், ஆனால் அவருடைய புல்லும் குளிரும் உங்களுக்கு உதவாது.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு கிறீனுக்கும் பக்கத்தில் தாழ்ந்த மூலை எது என்று கண்டுபிடியுங்கள். கண்ணை நம்பாதீர்கள். மேசன்மார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் ரியூபை இரவல் வாங்குங்கள். ஒரு பக்கத்தை நீங்கள் பிடித்து, மறுபக்கத்தை இன்னொருவர் கிறீனின் விளிம்பில் பிடிக்க வேண்டும். ரியூபுக்குள் ஒரு சின்னக் காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். விரலால் தட்டித் தட்டி அதை மேலே விட்டபின்தான் அளவு எடுக்க வேண்டும். நேற்று ஓர் இடத்தில் இப்படிப் பார்த்தபோது, எல்லோரும் 'கடல் பக்கம்தான் சாய்வு' என்று சத்தியம் பண்ணிய கிறீன் ஹோட்டல் சமையலறைப் பக்கம் நாலு விரல் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு வருடமும் அங்கேதான் தண்ணீர் தேங்கியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தாழ்ந்த மூலையில் இருந்து வெளிக்கான் வரை முழங்கால் ஆழத்துக்கு, மண்வெட்டி அகலத்தில் ஒரு வெட்டு. நூறு அடிக்கு ஓர் அடியாவது இறக்கம் வேண்டும். அடியில் கொஞ்சம் சல்லி, அதன்மேல் நாலு அங்குல பிவிசி குழாய், துளையிட்டது, துளை கீழ்நோக்கி. சுற்றிச் சல்லி, மேலே பெரிய மணல், கடைசியில் வெட்டியெடுத்த புல்லையே திரும்ப வையுங்கள். குழாய்க்குத் துணி சுற்றாதீர்கள், வண்டல் ஒட்டி அடைக்கும். வெளிக்கானின் வாயில் எலி புகாமல் கம்பிவலை போடுங்கள்.

ஒக்டோபர் முதல் வாரத்துக்குள் முடியாவிட்டால் இந்த வருடம் வெட்டவே வேண்டாம். பாதி வெட்டிய கான் மழையில் குளம்.

புல்லுக்காரன் – 22.09.2024

தேர்தலுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். இரவு ஊரடங்கு. வெட்டிய கான் அப்படியே திறந்து கிடக்கிறது, உள்ளே ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. நாயை எழுப்ப ஒருவரும் தயாரில்லை. கானின் போக்கை மாற்றவா என்று கேட்காதீர்கள். நாய் கிடப்பது வாய்ப்பகுதியில் மட்டும்தான், அதைக் கடைசியாக மூடுங்கள்.

அலஸ்தோட்டம்77 – 14.10.2024

இடி மழை இரண்டு நாள். எல்லாம் பச்சை! நான் சொன்னேனா இல்லையா?

புல்லுக்காரன் – 14.10.2024

அந்தப் பச்சையில் ஒன்றைப் பிடுங்கி, தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். உருண்டையாக ஓடாமல் மூன்று மூலை தட்டினால் கோரை.

புல்லுக்காரன் – 15.10.2024

தட்டியது என்று அலஸ்தோட்டம் சொல்லிவிட்டார். சிரிக்கவில்லை, இது எல்லா இடத்திலும் நடப்பது. வெயிலில் புல் உறங்கும்போது இடம் காலியாகிறது, முதல் மழைக்குக் கோரைதான் முந்திக்கொள்ளும். பிடுங்கினால் மேலே உள்ளது கையோடு வரும், கீழே கிழங்கு இருக்கும். ஒரு கிழங்கில் இருந்து இன்னொன்றுக்கு மெல்லிய வேர் ஓடும். மேலே இழுத்தால் அந்த வேர் அறுந்து, அதுவரை உறங்கிய கிழங்குகளும் முளைக்கும். கிறீனில் மட்டும் கத்தியை ஆழமாக விட்டுக் கிழங்கோடு எடுங்கள், கையால், ஒவ்வொன்றாக. ஃபெயார்வேயில் கோரைக்கென்றே உள்ள மருந்து ஒன்று உண்டு, ஹலோசல்ஃபியூரன் என்பார்கள், அறுகைக் கொல்லாது. இலை நன்றாக விரிந்தபின், மழை இல்லாத ஒரு நாளில். விவசாயத் திணைக்களப் பதிவு இருக்கிறதா என்று போத்தலைப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. அறுகும் எழும்பும். 'ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி' என்று கல்யாண வீட்டில் சும்மா வாழ்த்தவில்லை. ஆனால் அதற்கு வெயில் வேண்டும். நவம்பர் மேகத்தில் அது படுத்துவிடும்.

கொழும்பு_13 – 16.10.2024

கொழும்பு ரோயல் கோல்ஃப் கழகத்துக்கு ஊடாகக் களனிவெளி ரயில் போகும், தெரியுமா? விளையாடுகிறவர்கள் நின்று வழிவிட வேண்டும்.

புல்லுக்காரன் – 17.10.2024

தெரியும். இங்கே ரயிலுக்குப் பதில் கட்டாக்காலி மாடு. மழை தொடங்கிய பிறகு கிறீனுக்குள் ஒரு மாடு ஒரு தரம் நடந்தால் குளம்படி ஒவ்வொன்றும் ஒரு கோப்பை ஆழம். அந்தக் குழிக்கு மேலே மண் போட்டு மூடாதீர்கள். முள்ளுக்கரண்டியை ஓரத்தில் குத்தி, கீழிருந்து உள்நோக்கி நெம்பினால் புல்லோடு சேர்ந்து எழும்பும், பிறகு காலால் மெல்ல அழுத்துங்கள்.

மான் வேறு விஷயம். கோட்டைப் பக்கம் இருந்து நகரத்துக்குள் வருகிற புள்ளிமான்கள் நுனிப்புல்தான் மேயும், குளம்பும் சின்னது. இரவில் நாலு மான் வந்து மேய்ந்த கிறீனை காலையில் பார்த்து, யார் இவ்வளவு அழகாக வெட்டினது என்று கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

புல்லுக்காரன் – 03.11.2024

மைனாவும் காகமும் ஒரே இடத்தில் கூட்டமாகக் கொத்துகின்றனவா? அது நல்ல சகுனம் இல்லை. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம் கலந்து, ஒரு சதுர மீட்டருக்கு ஊற்றிவிட்டுக் குந்தி இருங்கள். படைப்புழு இருந்தால் சில நிமிடத்தில் நெளிந்துகொண்டு மேலே வரும். முதலில் புல்நுனி அசையும், பிறகு தலை தெரியும். ஒன்றிரண்டு என்றால் பறவைக்கே விடுங்கள். பத்துப் பன்னிரண்டு என்றால் அன்றைக்கு மாலையே மருந்து. காலையில் அடிப்பது வீண், பகலில் அது அடியில் ஒளிந்திருக்கும்.

புல்லுக்காரன் – 28.11.2024

கரண்ட் இல்லை. கடல் மதிலைத் தொடுகிறது. யாரும் புல்லைப் பற்றிக் கேட்காதீர்கள். முதலில் வீடு.

புல்லுக்காரன் – 06.12.2024

புயலுக்கு ஃபெஞ்சல் என்று பிறகு பெயர் வைத்தார்கள், நமக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே வெள்ளம் வந்துவிட்டது. எல்லோரும் நலமா? மூதூரான் இன்னும் எழுதவில்லை.

தண்ணீர் வடிந்தவர்களுக்கு மட்டும் இது. கிறீனில் வண்டல் படிந்திருக்கும். காய முன்னர் அதை எடுக்க வேண்டும், காய்ந்தால் இடியப்பத் தட்டில் ஒட்டிய மா மாதிரி, சுரண்டினால் தட்டும் சேர்ந்து வரும். மண்வெட்டி வேண்டாம். ரப்பர் வைத்த தண்ணீர் தள்ளுகட்டையால், ஹோஸ் விட்டுக்கொண்டே ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஒரு சில மில்லிமீட்டர் வண்டல் உள்ளே தங்கினாலும் அது ஒரு மூடி. அடுத்த மழை அதற்கு மேலே நிற்கும், கீழே வேருக்குக் காற்று போகாது.

அறுகு இரண்டு மூன்று நாள் முழுகிக் கிடந்தாலும் தாங்கும். முழுகி எழும்பிய புல்லை உடனே வெட்டுவதும், றோலர் இழுப்பதும், அதன்மேல் ஆள் நடப்பதும்தான் அதைக் கொல்லும். பூட்டிவிடுங்கள்.

கடல்நீர் ஏறிய இடம் என்றால் கதை வேறு. நல்ல தண்ணீர் கிடைக்கும் நேரமெல்லாம் விட்டுக் கழுவுங்கள். மழையே அதைச் செய்துகொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். களிமண் கலந்த இடமென்றால் ஜிப்சம் போட்டுவிட்டுக் கழுவினால்தான் உப்பு இறங்கும்.

சமையலறைப் பக்கம் சாய்ந்த அந்தக் கிறீன்: கான் தண்ணீரை இழுத்துவிட்டது. நாய்க்குட்டிகளும் அதற்கு முன்பே சமையலறைக்குக் குடிபோய்விட்டன.

அலஸ்தோட்டம்77 – 19.12.2024

மனேஜர் கொந்தராத்துக்காரரைக் கூட்டி வந்துவிட்டார். ஆட்கள் இல்லாத நேரம், கிறீனை இப்போதே கிண்டி ஏப்ரலுக்கு முடிப்போம் என்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

புல்லுக்காரன் – 20.12.2024

நான்கு மாதம் அடக்கி வைத்தது.

ஹோட்டலின் வருடமும் புல்லின் வருடமும் நேர் எதிர். ஆட்கள் வரும் மே முதல் செப்டெம்பர் வரை புல்லுக்குத் தண்ணீர் இல்லை. ஆட்கள் வராத நவம்பர் முதல் ஜனவரி வரை புல்லுக்கு வெயில் இல்லை. மனேஜர்மார் எல்லோரும் இரண்டாவதைப் பார்த்து 'வேலைக்கு நல்ல நேரம்' என்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் சரி. மண்ணில், ஈர மண்ணை டிப்பரும் பெக்கோவும் மிதித்தால் அது செங்கல். நட்ட தண்டு மேகத்தில் வேர் பிடிக்காமல் அழுகும். போட்ட மணலை அடுத்த தாழமுக்கம் கழுவிக்கொண்டு போகும்.

இடையில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. தைப்பொங்கல் கழிந்து மழை விட்டு, மண்ணுக்குள் ஈரம் நிற்க, மேலே நல்ல வெயில் அடிக்கும் பெப்ரவரியும் மார்ச்சும். கிணறு நிறைந்திருக்கும், உப்பு கீழே இருக்கும், கச்சானுக்கு இன்னும் நாள் இருக்கும். அறுகு ஓடுவது அப்போதுதான். சித்திரைப் புத்தாண்டுக் கூட்டம் வருவதற்குள் மூடிவிடலாம். முதலாளியிடம் 'இப்போது சும்மா இருப்போம், பெப்ரவரியில் ஆறு வாரம் தாருங்கள்' என்று கேட்பதுதான் உங்கள் வேலையிலேயே கடினமான வேலை. மற்றதெல்லாம் மண்வெட்டி.

ஓர் இடத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், இடம் வேண்டாம். டிசம்பரில் கிறீனை உடைத்தார்கள். கொந்தராத்துக்காரர் ஆற்றுமணல் என்று பில் எழுதி, கடற்கரை மணலை இறக்கினார். மனேஜர் கையொப்பம் போட்டார், நிறம் அழகாக இருந்ததாம். மார்ச்சில் சுற்றுலா வந்தவர்கள் அதை இரண்டாவது கடற்கரை என்று நினைத்துத் துவாய் விரித்தார்கள்.

புல்லுக்காரன் – 17.01.2025

பொங்கல் முடிந்தது. மணல்.

உங்களுக்குக் கிறீனை உடைத்துக் கட்டத் தேவையில்லை என்று இப்போதும் சொல்கிறேன், ஆனால் மனேஜருக்குச் செலவு காட்ட ஒரு கணக்கு. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறைதான் இன்னும் அடிப்படை: அடியில் குழாய், அதன்மேல் 10 சென்ரிமீட்டர் சல்லி, அதன்மேல் 30 சென்ரிமீட்டர் மணல். மணலுக்கும் சல்லிக்கும் நடுவில் தண்ணீர் சட்டென்று இறங்காது, மணல் நிரம்பும்வரை தொங்கி நிற்கும். வெயிலில் அது வேருக்குச் சேமிப்பு, அடைமழையில் நிரம்பியதும் கீழே கொட்டிவிடும். அழகான தந்திரம். 150 சதுர மீட்டர் கிறீன் ஒன்றுக்கு மணல் மட்டும் 45 கன மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 16 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). ஐந்து கிறீனுக்கு 80 கியூப். விலையை மனேஜரே விசாரிக்கட்டும். விசாரித்தபின் பேச்சு மாறும்.

மேலே தூவுவதற்கு என்றால் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு கிறீனுக்கு 16 கன அடி. கியூபில் ஆறில் ஒரு பங்கு. அவ்வளவுதான்.

மணலைச் சோதிக்காமல் இறக்கவிடாதீர்கள். கண்ணாடிப் போத்தலில் பாதி மணல், மிச்சம் தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் உட்கார்ந்து, மேலே தண்ணீர் சீக்கிரம் தெளிய வேண்டும். அடுத்த நாளும் கலங்கலாகவே இருந்து, மணலுக்கு மேலே வழுக்கும் ஒரு படை தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். இன்னொரு கைப்பிடியில் வினாகிரி ஊற்றுங்கள். சீறி நுரைத்தால் சிப்பித்தூள், கடற்கரை மணல். கடைசியாக நாக்கு. ஆம், நாக்குத்தான், உப்புத் தெரியும். மகாவலி மணல் என்று சொல்லுகிறவரிடம் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். கேட்டவுடன் அவர் போனில் யாரையோ அழைத்தால் விடை தெரிந்துவிடும்.

மூதூரான் – 18.01.2025

உயிரோடுதான் இருக்கிறேன். வயல் போய்விட்டது. அந்த நாக்குச் சோதனையை வாசித்துச் சிரித்தேன், அதற்கு நன்றி.

புல்லுக்காரன் – 15.02.2025

வாசல் திறந்தாயிற்று. ஹோட்டல் நான்கு வாரம்தான் தந்தது என்கிறார் அலஸ்தோட்டம். நான்கிலும் செய்யலாம்.

இறுகிய கிறீனுக்குள் காற்றும் தண்ணீரும் இறங்கத் துளை போட வேண்டும். அந்த மெசின் இங்கே வாடகைக்குக் கிடைக்காது. அரை அங்குல இரும்புக் குழாயை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, வாயைச் சரிவாகக் கூராக்கி, ஒரு சட்டத்தில் நாலைந்து வைத்து வெல்டிங் கடையில் ஒட்டச் சொல்லுங்கள். மேலே கால் வைக்க ஒரு கம்பி, கைபிடிக்க ஒரு கம்பி. குழாயின் பக்கத்தில் ஒரு வெட்டு விடச் சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மண் உள்ளே இறுகி ஒவ்வொரு தரமும் கம்பியால் குத்த வேண்டிவரும். நாலு விரல் ஆழம், மூன்று விரல் இடைவெளி. இடுப்பு வலிக்கும். ஆளை மாற்றி மாற்றி விடுங்கள்.

முதலில் வந்து விழும் மண்துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இதுதான். மேலே விரல் அகலத்துக்குப் பழுப்பு நாரும் வேரும். அதன்கீழே மஞ்சள் மணல். நடுவில் எங்கேயாவது கறுப்புக் கோடு இருந்தால் உடைத்து முகர்ந்து பாருங்கள், கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். நவம்பரில் தண்ணீர் நின்று காற்றில்லாமல் போன இடம் அது. அந்தக் கிறீனுக்குத் துளையை நெருக்கமாகப் போடுங்கள். வேர் கறுப்புக் கோட்டுக்கு மேலேயே நின்றிருந்தால், கச்சானில் அது ஏன் முதலில் கருகியது என்பதற்கும் விடை அங்கேயே இருக்கிறது.

துண்டுகளைக் காயவிட்டு வாரி அள்ளுங்கள். சோதித்த மணலைத் தூவி, தும்புத்தடியால் துளைக்குள் விழும்வரை முன்னும் பின்னும் கூட்டுங்கள். தண்ணீர். இரண்டு மூன்று வாரத்தில் துளை மறையும்.

புல்லுக்காரன் – 16.02.2025

'நுனிக்குழாய் அடைக்கிறது' என்று இரவு பதினொரு மணிக்குப் படம் அனுப்பியவருக்கு: வெட்டு விடச் சொல்லியிருந்தேன்.

புல்லுக்காரன் – 09.03.2025

ஓகஸ்டில் கீறிய தாளை எடுங்கள். செத்த இடங்களில் மேல்மண்ணைக் கிளறி, பழைய நாரை அள்ளிவிட்டு, உங்கள் சொந்தத் தரையின் ஓரத்தில் நன்றாக ஓடியிருக்கும் அறுகையே வெட்டி எடுங்கள். வெளியில் வாங்கினால் கோரையும் இலவசமாக வரும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று கணு. ஒரு சாண் இடைவெளியில் கோடு கிழித்து, கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியேயும் இருக்கப் படுக்க வைத்து, மிதித்து விடுங்கள். வெட்டிய அன்றே நட வேண்டும், வெயிலில் அரை நாள் சாக்கில் கிடந்தால் வெந்துவிடும். முதல் பத்து நாள் மேல்மண் காயவே கூடாது, ஒரு நாளில் நாலு தடவை லேசாக நனையுங்கள். முன்பு வாரத்தில் இரண்டு தரம் என்று எழுதியது வேரோடிய புல்லுக்கு. இது கைக்குழந்தை.

யூரியா: நட்டு மூன்று வாரம் கழித்து, சதுர மீட்டருக்கு 10 கிராமுக்கு மேல் வேண்டாம், போட்டவுடன் தண்ணீர். கிறீனுக்கு அதில் பாதி, கரைத்து. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திய மாதங்களில் மாட்டெருவை ஊறவைத்து வடித்து ஊற்றிச் சமாளித்தோம். புல் தாங்கியது, நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் தாங்கவில்லை. அடுத்த வருடம் பெற்றோல் வரிசை, மெசின் எல்லாம் கொட்டிலுக்குள். அந்த வருடம் ஃபெயார்வே வெட்டியதும் மாடுதான், கட்டிப்போட்டு.

அலஸ்தோட்டம்77 – 05.04.2025

பச்சை. கோரை இல்லை, உருட்டிப் பார்த்துவிட்டேன். மனேஜர் பத்தாம் திகதிக்குத் திறக்கிறார். நாலாவது ஃபெயார்வே நடுவில் ஆட்காட்டிக் குருவி முட்டை இட்டிருக்கிறது. கிட்டப் போனால் தலையில் கொத்த வருகிறது. என்ன செய்ய?

புல்லுக்காரன் – 06.04.2025

சுற்றிவர நாலு கம்பு, ஒரு கயிறு. அந்த வட்டத்துக்குள் வெட்ட வேண்டாம். பந்து அங்கே விழுந்தால் வெளியே எடுத்து வைத்து அடிக்கலாம் என்று ஒரு பலகை எழுதி வையுங்கள். குஞ்சு பொரித்தவுடன் நடந்து போய்விடும்.

திறப்பதற்கு முன் வெட்டும் மெசினின் உருளையைப் பாருங்கள். கத்திக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் பத்திரிகைத் தாளை நீட்டி உருளையைக் கையால் சுற்றுங்கள். நீளம் முழுக்கச் சுத்தமாக வெட்ட வேண்டும். ஓர் இடத்தில் மடித்து விட்டால் அந்த இடத்தில் புல்லையும் பிய்க்கும். உயரத்தை ஒரே நாளில் இறக்காதீர்கள், ஒரு வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. பெரிய மைதானங்களில் 3 மில்லிமீட்டருக்கு இறக்குவார்கள். நீங்கள் ஐந்தோடு நில்லுங்கள், கச்சான் வரப்போகிறது. குழியின் வாய் 108 மில்லிமீட்டர், அதற்குச் சிவப்பு பெயின்ட் வாளி மூடியை வைத்து வெட்ட வேண்டாம் என்று மனேஜரிடம் சொல்லுங்கள். படம் பார்த்தேன்.

மே பிறந்ததும் உப்புமானியை மேசையில் எடுத்து வையுங்கள். பம்ப் வால்வு ஒழுகுவது பற்றிக் கேட்டதற்குப் படம் தெளிவில்லை, பகலில் எடுத்து அனுப்புங்கள்.